பெருவிரல் படாமல்

காலை ஆறரை. சமையலறைக் கடிகாரத்தை
ஆணியிலிருந்து கழற்றித் தலையணையில் சாய்த்திருக்கிறேன்.
ஷவ்கியின் மணிக்கட்டு என் இரண்டு விரல்களின் கீழே.
பெருவிரலை வைக்கக் கூடாது, அதில் உங்கள் துடிப்பும் கலந்துவிடும் என்று
வார்டு நர்ஸ் இன்ஷிராஹ் முதல் நாளே சொல்லியிருக்கிறாள்.

முப்பத்தோரு வருடம் மன்சூரா ரயில் நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னிருந்து சில்லறை எண்ணியவள் நான்.
ஐம்பத்தெட்டு.
மொச்சை விலைக்கும் எண்ணெய்க்கும் நடுவே எழுதிக்கொள்கிறேன்.
"நேற்று?" என்கிறார், கண் திறக்காமல்.
அறுபத்தொன்று.
"அப்படியானால் இன்று நல்ல பிள்ளை."

முதலில் ரத்தம் கக்கியது ஒரு ரமலான் இரவு.
காபிக் கசண்டு என்று நினைத்தேன்.
பிறகு சிவப்பு.
பிறகு தரைவிரிப்பை மடித்துத் தூக்கியெறிய
மேல்வீட்டுப் பையன்கள் வரவேண்டியிருந்தது.

டாக்டர் மக்ரம் மருந்துச்சீட்டின் பின்புறம் பாலம் வரைந்தார்.
"தல்கா பாலம் தெரியும்தானே, மதாம் பஹிகா?
ஈரல் கல்லாகி, பாலம் அடைத்துக்கொண்டது.
குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம்
முனையில் நின்று ஹாரன் அடிக்கிறது.
பொறுமையற்ற மைக்ரோபஸ்கள் சந்தில் திரும்புகின்றன.
தொண்டைக்குக் கீழே, கழுதைவண்டிக்காகப் போட்ட சந்து.
சுவர் புடைக்கும். ஒருநாள் உடையும்."

பாலத்தைச் செப்பனிட முடியாதா?
பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.
"கிளம்பும் வண்டிகளைக் குறைக்கலாம்."

அப்படி வந்தது அந்த வெள்ளை மாத்திரை, ப்ரொப்ரனலால்,
காலையில் அரை, மாலையில் அரை.
அது ஈரலின் பக்கமே போகவில்லை.
இதயத்திடம் போய், மெல்ல, என்றது.
குடலைச் சுற்றி ஆவென்று திறந்து கிடந்த குழாய்களை
ஒருக்களித்துச் சாத்தியது.
கல் கல்லாகவே இருந்தது;
சந்துச் சுவரில் மட்டும் பாரம் இறங்கியது.

சும்மா இல்லை.
விரல்கள் சில்லிட்டன. மாடிப்படி இரண்டு தவணையாயிற்று.
அஹ்லி கடைசி நிமிடத்தில் கோல் போட்டபோது
தெருவே எழுந்து நின்றது, அவரும் கத்தினார்;
எட்டிப் பிடித்துப் பார்த்தேன், அறுபத்தாறு.
தம்பிக்குக் கொடுத்த கடனுக்காக நாங்கள் போட்ட பெரிய சண்டையிலும்
அறுபத்திரண்டு.
எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் வேர் எங்கே என்று அவர் கேட்டதில்லை.
ஏழு வயதில் வாய்க்காலில் நின்ற கால்கள்,
கால்வழி ஏறிய புழு, புழுவைக் கொல்லப் பள்ளிக்கு வந்த ஊசி,
வரிசைக்கே ஒரே ஊசி.
"மிட்டாய் கொடுத்தார்கள்" என்பார், அவ்வளவுதான்.

நான்கு வருடம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஐந்தாம் வருடம் வயிறு பானையாயிற்று.
ஊசியால் வடித்தார்கள், திரும்ப நிறைந்தது.
ரத்த அழுத்தம் எண்பத்திரண்டு. சிறுநீர் ஒரு தேநீர்க் கோப்பை.
"மாத்திரையைப் படிப்படியாக நிறுத்துவோம்" என்றார் மக்ரம்.

நிறுத்துவதா? காப்பாற்றியதே அதுதானே?
கோபத்தில் மேசையைத் தட்டினேன், மை சிந்தியது.
அவர் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"உடம்பு முழுக்கத் தண்ணீர், சிறுநீரகத்துக்கு மட்டும் வறட்சி.
அதுவரை ரத்தம் போய்ச் சேர
இதயம் இப்போது ஓடித்தான் ஆக வேண்டும்.
நாம் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது."
புடைத்த நரம்புகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்களாம்.
கட்டட்டும்.

டப்பாவில் மிச்சம் பதினோரு அரைகள்.
கொட்டவில்லை. எதற்கென்று தெரியவில்லை.

இன்றும் ஆறரை. கடிகாரம், தலையணை.
எண்ணுகிறேன், எண் என்னைத் தாண்டி ஓடுகிறது.
நின்று பார்த்தால்
பெருவிரலும் அவர் கையை அழுத்திக்கொண்டிருக்கிறது.
ஓடுவது யாருடையது?
விரலை எடுத்துவிட்டு முதலிலிருந்து.

தொண்ணூற்றாறு.
வாழ்நாளில் ஒரு பியாஸ்தர் தவறவிட்டதில்லை;
அவர் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

ஷவ்கி ஒரு கண்ணைத் திறந்தார்.
"அஹ்லி கோலா?"